மாட்டுவதற்கு முன் கழற்றப் பழகுவோம்
(நமது குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் சைக்கிள் குழுவினர் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மிதித்தே ஏறப் போகிறார்கள். மிக்க மகிழ்ச்சி. அதற்காகச் சிலர் ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல்களைப் புதிதாக வாங்கி மாட்டியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பெடலைப் பழகியவன் என்பதால், அதைப் பற்றி என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார் செயலாளர்.

வங்கிக்கு டெபாசிட் போட வருகிறவர்கள் முதலில் வட்டியைத்தான் கேட்பார்கள். அவசரத்துக்கு எடுக்க என்ன வழி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்வோம். இந்தப் பெடலுக்கும் அதே பேச்சுதான்.

ஷூவின் அடியில் கிளீட் என்ற சிறு தகட்டைத் திருகியிருப்பார்கள். பெடல் மேல் வைத்து அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். மேலே இழுத்தால் கால் வராது. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால்தான் வரும். பதற்றத்தில் யாரும் காலை மேலேதான் இழுப்போம். வண்டி நின்றுவிடும், கால் வராது, அப்படியே பக்கவாட்டில் சாய்வோம். இருபது வயதுக்காரருக்குச் சிராய்ப்பு. நம் வயதில் மணிக்கட்டும் இடுப்பும்.

இதற்குக் கிளிப்லெஸ் என்று பெயர். முன்பு பந்தய வீரர்கள் பெடலில் கம்பிக் கூண்டும் வாரும் வைத்துக் காலைக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் டோ கிளிப். அந்தக் கிளிப் இல்லாததால் இந்தப் பெயர். பனிச்சறுக்குக் காலணிக்குப் பூட்டு செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம் 1984-ல் இதைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ இதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். 1990-ல் ஷிமானோவின் எஸ்.பி.டி. வந்தது. பனிச்சறுக்குப் பூட்டு, விழும்போது கால் முறியாமல் விடுபடுவதற்காக உண்டானது. அதன் வழியில் வந்த பெடலில் நாம் மாட்டுவதை மட்டும் பழகினால் எப்படி?

இனி மலைக்கு வருவோம். 1916-ல் திறக்கப்பட்ட லாஸ் மலைச்சாலை நம்மை 2,100 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகிறது. ஏற்றத்தில் நம் வேகம் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர்தான். வேகம் குறைந்தால் சமநிலையும் குறையும். கொண்டை ஊசி வளைவில் இறங்கும் பேருந்துக்கு முழுச் சாலையும் வேண்டும். குரங்கு குறுக்கே பாயும், மூடுபனியில் முன்னால் போகும் வண்டி தெரியாது. நிற்க வேண்டிய அவசியம் சொல்லிக்கொண்டு வராது. நம் நாட்டில் இடப்பக்கம் போகிறோம். வலப்பக்கம் சாய்ந்தால் வாகனங்களின் முன்னால் விழுவோம். ஆகவே எப்போதும் இடது காலை விடுவித்து, இடப்பக்கமே சாயப் பழகுங்கள்.

பழகும் முறை இது. முதலில் ஆலன் கீ கொண்டு பெடலின் இறுக்கத்தை மிகக் குறைவாக வையுங்கள். இருபக்கமும் மாட்டக்கூடிய எஸ்.பி.டி. பெடலில் பக்கத்துக்கு ஒரு திருகு உண்டு. இரண்டு பெடலுக்கும் சேர்த்து நான்கு. ஒன்றை விட்டுவிடாதீர்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஐம்பது முறை மாட்டிக் கழற்றுங்கள். பிறகு வளாகத்துக்குள் மெதுவாக ஓட்டி, முதலில் கால், அப்புறம் பிரேக் என்ற வரிசை உடம்பில் ஊறும்வரை செய்யுங்கள். அடுத்த படியாகக் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வரலாம். 1863-ல் லெவிஞ்ச் அமைத்த அந்த ஏரியின் சுற்றுச்சாலை சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். கூட்டமில்லாத அதிகாலையில் போங்கள்.

புறப்படுமுன் கிளீட் திருகுகளைப் பாருங்கள். ஒரு திருகு விழுந்துவிட்டால் ஷூ மட்டும் திரும்பும், கிளீட் திரும்பாது. கால் பெடலிலேயே மாட்டிக்கொள்ளும். பெருமாள்மலையில் டீக்கு இறங்கி ஈரமண்ணில் நடந்தால், கிளீட்டில் ஒட்டிய சேற்றைத் தட்டிவிட்டு ஏறுங்கள்.

சாதாரண பெடலில் மலை ஏற முடியாதா என்றால், தாராளமாக முடியும். ஏற்றத்தில் பெரும்பலம் கீழே மிதிப்பதில்தான். மேலே இழுப்பதில் கிடைப்பது சொற்பம். மழையில் கால் வழுக்காது, குலுக்கலில் நழுவாது என்பதே பூட்டுப் பெடலின் உண்மையான லாபம்.

எனவே சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஞாயிறு காலை 6 முதல் 7 வரை பின்பக்க வாகன நிறுத்துமிடத்தைப் பழகுவதற்கு ஒதுக்குங்கள். வண்டி வைத்திருப்போர் ஒரு மணி நேரம் ஒத்துழையுங்கள். அங்கே சொன்ன இடத்தில் பத்து முறை தடுமாறாமல் நின்று காட்டாதவர்கள், இந்தப் பயணத்துக்குச் சாதாரண பெடலோடு வரட்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. போகிற எல்லோரும் முழுசாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான்.