நாமா, நாங்களா? – வேலையிட விருதுகளும் மொழியும்



இச்சொற்பொழிவு வரிசையில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்று வேறானது. பல இனத்தாரையும், பல வயதினரையும், உடற்குறையுள்ளோரையும் வேலைக்கு அமர்த்தி மதிப்புடன் நடத்தியமைக்காக நிறுவனங்கள் பெறும் விருதுகளையும் அங்கீகாரங்களையும் பற்றிப் பேச விழைகிறோம். இதில் மொழியியல் படித்தவர்க்கு என்ன வேலை என்னும் ஐயம் உங்களுக்கு எழலாம். ஒரு வேலையிடம் யாரைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டிருக்கிறது, யாரை வாயிலில் நிறுத்தியிருக்கிறது என்பதை, சுவரில் மாட்டிய விருதுப் பட்டயத்தைக் காட்டிலும் அங்குப் புழங்கும் மொழி தெளிவாகக் காட்டும் என்பது நம் கருத்து. அதனை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

விருதுகள் வந்த வழி

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், இனம், நிறம், சமயம், பால், பூர்விக நாடு ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. தீங்கைத் தடுப்பது சட்டத்தின் பணி. நன்றாகச் செய்பவரைப் பாராட்டுவது அதன் பணியன்று. அவ்விடத்தை நிரப்ப வந்தவையே விருதுகள். பெண்களின் பணி முன்னேற்றத்திற்காக இயங்கும் கேட்டலிஸ்ட் என்னும் அமைப்பு 1987இல் நிறுவனங்களுக்கு விருது வழங்கத் தொடங்கியது. அதன்பின் தரவரிசைகளும் சான்றிதழ்களும் பல நாடுகளில் பெருகின.

சிங்கப்பூரில் இம்முயற்சி முத்தரப்பு உறவின் வழியே வளர்ந்தது. அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் சம்மேளனம் ஆகிய மூன்றும் இணைந்து நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணியை 2006இல் அமைத்தன. உடற்குறையுள்ளோரை வேலைக்கு அமர்த்தும் நிறுவனங்களை மதிப்பிட்டு, எஸ்ஜி இனேபல் அமைப்பு 2020 முதல் 'இனேபலிங் மார்க்' என்னும் அங்கீகாரத்தை வழங்கி வருகிறது.

இத்தகைய அங்கீகாரங்களால் பயன் உண்டு. விருதுக்கு விண்ணப்பிக்கும் நிறுவனம் தன்னைத் தானே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் உயர்ந்தனர், எத்தனை பேர் விலகினர் என்னும் கணக்கை எழுதும்போதுதான் பல குறைகள் கண்ணிற்படும். வேலை தேடும் இளையர்க்கும் அஃது ஓர் அடையாளமாகிறது.

ஆயினும் இதில் ஒரு குறை உள்ளது. பெரும்பாலும் விண்ணப்பத்தை எழுதுவது மனிதவளப் பிரிவு. விருதைப் பெற மேடையேறுவது தலைமை. யாரைச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறதோ, அவர் அவ்விண்ணப்பத்தைப் படித்திருக்கவும் மாட்டார். மேலும், வெளியிலிருந்து வரும் பாராட்டுக்காக மேற்கொண்ட ஒன்றை வெளியிலிருந்து வரும் எதிர்ப்புக்காகக் கைவிடுவதும் எளிது. 2024இல் ஹார்லி-டேவிட்சன், ஃபோர்டு முதலிய அமெரிக்க நிறுவனங்கள் இத்தகைய மதிப்பீடுகளில் பங்கேற்பதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தமை இதனைக் காட்டுகிறது.

பெயரும் குரலும்

பாகுபாடு பல வேளைகளில் மொழியின் வழியாகவே நுழைகிறது. பெர்ட்ரண்ட், முல்லைநாதன் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பினர். ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றினர். வெள்ளையர் பெயராகத் தோன்றியவற்றுக்கு, கறுப்பினத்தவர் பெயராகத் தோன்றியவற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியான அழைப்புகள் வந்தன. பெயர் ஒரு சொல்லே. அச்சொல் கதவைத் திறந்தது, அடைக்கவும் செய்தது.

மொழியியலறிஞர் ஜான் பாவ் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. வாடகை வீடு கேட்டு வீட்டு உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்தபோது, ஒரே மனிதரே மூன்று வேறு ஆங்கில வழக்குகளில் பேசினார். பேச்சு வழக்கிற்கேற்ப விடையும் மாறியது. 'ஹலோ' என்னும் ஒரு சொல்லைக் கேட்டே, பேசுபவர் எவ்வினத்தவர் என்பதைக் கேட்போர் பெரும்பாலும் உய்த்துணர்ந்தனர் என்பதையும் அவ்வாய்வு காட்டியது. முகம் காணுமுன்னே குரல் கொண்டு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. நேர்காணலுக்குச் செல்லும் நம் மாணவர்க்கும் இஃது அயலான செய்தியன்று.

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியபோது, பாகுபாட்டிற்குக் காரணமாகக் கொள்ளக் கூடாதவற்றுள் இனம், சமயம், வயது, பால், உடற்குறை முதலியவற்றுடன் மொழித்திறனையும் சேர்த்தது. பணிக்கு உண்மையிலேயே தேவையெனின் ஒரு மொழியைக் கேட்கலாம். தமிழாசிரியர் வேலைக்குத் தமிழ் கேட்பதில் தவறில்லை. தேவையே இல்லாத வேலைக்கு ஒரு மொழியைக் கேட்பதுதான் பிழை. அவ்விடத்தில் மொழியின் பெயரால் கேட்கப்படுவது பெரும்பாலும் இனமே.

நாமும் நாங்களும்

இவ்விடத்தில் நம் இலக்கணத்திற்குச் சற்றுத் திரும்புவோம். 'இன்க்ளூஷன்' என்பதைத் தமிழில் 'உள்ளடக்கம்' என்கிறோம். 'அரவணைப்பு' என்றும் கூறுகிறோம். 'உள்ளடக்கம்' என்றால் நூலின் முதற்பக்கப் பட்டியல் நினைவுக்கு வரும். அச்சொல்லினுள் 'அடக்குதல்' என்பதும் ஒளிந்திருக்கிறது. 'அரவணைப்பு' இனிய சொல். எனினும், அணைப்பவர் பெரியவர், அணைக்கப்படுபவர் சிறியவர் என்னும் நிழல் அதில் படிகிறது. நம் இலக்கண மரபு இதே கருத்துக்கு 'உளப்பாடு' என்னும் சொல்லை வைத்திருக்கிறது. பேசுபவர் தம்மோடு பிறரையும் சேர்த்துக் கூறுவது உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. அச்சேர்க்கையில் பெரியவர், சிறியவர் என்னும் வேறுபாடில்லை.

கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்'. கேட்பவரை விலக்கினால் 'நாங்கள்'. பழந்தமிழில் விலக்குப் பன்மையாக 'யாம்' வழங்கியது. முன்னிலையாரைச் சேர்க்கும் வினைவிகுதிகளையும் படர்க்கையாரைச் சேர்க்கும் வினைவிகுதிகளையும் நன்னூல் வேறு பிரித்துக் கூறுகிறது. இன்று வினையில் அவ்வேறுபாடு மறைந்து 'ஓம்' ஒன்றே நின்றாலும், பெயரில் அது நிலைத்திருக்கிறது.

இச்செல்வம் நமக்கு மட்டும் உரியதன்று. மலாயில் 'கீத்தா' என்பது கேட்பவரைச் சேர்க்கும், 'காமி' விலக்கும். மாண்டரினின் பெய்ஜிங் வழக்கில் 'சான்மென்' என்பது கேட்பவரைச் சேர்த்துக் கூறும் சொல். ஆங்கிலத்தில் 'வீ' என்னும் ஒரு சொல்லே இரண்டு பணியையும் செய்கிறது. ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுபவர் யாரைச் சேர்த்தார், யாரை விலக்கினார் என்று சொல்லாமலேயே சென்றுவிடலாம். தமிழிலும் மலாயிலும் எழுதுபவர் அவ்வாறு தப்ப இயலாது. முதற்சொல்லிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

ஒரு நண்பகல்

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஒன்றைக் கூற விரும்புகிறோம். அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் வேலையிடம் என்று பாராட்டுப் பெற்ற நிறுவனம் ஒன்று, நான்கு மொழிகளில் நன்றியறிவிப்புச் சுவரொட்டி தயாரித்தது. தமிழ்ப் பகுதியைப் பார்வையிட நம்மை அழைத்தனர். முன்னாள் மாணவர் ஒருவரும் உடன் வந்தார். சுவரொட்டியில் 'நாங்கள் அனைவரும் ஒரே குடும்பம்' என்று இருந்தது. ஊழியர் படிப்பதற்கான அறிவிப்பாயிற்றே என்று 'நாங்கள்' என்பதை 'நாம்' எனத் திருத்தினோம். பொறுப்பதிகாரி, "இரண்டும் ஒன்றுதானே, இதனால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று உண்மையான வியப்போடு கேட்டார். விளக்கினோம், மறுக்காமல் ஏற்றுக்கொண்டார்.

பின்னர் வேலைத்தளத்தைச் சுற்றிக் காட்டினர். நண்பகல் இடைவேளைக்குப் பின் பாதுகாப்பு விளக்கக் கூட்டம் நடந்தது. ஆங்கிலத்தில் நடந்தது, இடையிடையே மாண்டரினில் விளக்கம் வந்தது. பின்வரிசையில் தமிழக ஊழியர் ஆறேழு பேர் நின்றனர். கூட்டம் கலைந்ததும் ஒருவர் மற்றவரிடம், "எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொன்னாரு?" என்று கேட்டார். கேட்கப்பட்டவர்க்கும் உறுதியாகத் தெரியவில்லை. மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்க இருவரும் தயங்கினர். உடனிருந்த மாணவர் போய்க் கேட்டு வந்து சொன்னார்.

அவ்வூழியரிடம், நிறுவனத்திற்கு விருது கிடைத்திருப்பது தெரியுமா என்று வினவினோம். பணிவுடன் சொன்னார்: "ஆமாங்க ஐயா, அவங்களுக்கு ஏதோ பரிசு கெடச்சிருக்காம்."

அதில் வெறுப்போ குறையோ இல்லை. இயல்பாக வந்த சொல் அது. சுவரொட்டியில் நாம் 'நாம்' என்று திருத்திவிட்டு வந்தோம். அவர் வாயில் வந்ததோ 'அவங்க'. தன்மையில் இடமில்லாதவர் படர்க்கையில் பேசினார். எழுத்துப் பிழையைத் திருத்த நம்மால் இயன்றது. இந்தப் பிழையைத் திருத்த நம் பேனாவால் இயலவில்லை. அதனை அன்றே அதிகாரியிடம் கூறியிருக்க வேண்டும். விருந்தினராகச் சென்ற இடத்தில் குறை கூறலாமா என்று எண்ணிப் பேசாமல் திரும்பினோம். அந்த மௌனம் இன்றளவும் நம்மை உறுத்துகிறது.

மூன்று கேள்விகள்

அங்கீகாரம் வழங்குவோர் மொழி சார்ந்த மூன்று கேள்விகளையேனும் கேட்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். முதலாவது, பாதுகாப்பு விளக்கம் எம்மொழியில் தரப்படுகிறது, ஊழியர்க்குப் புரிந்ததா என்பது எவ்வாறு சோதிக்கப்படுகிறது? கையொப்பம் புரிதலுக்குச் சான்றாகாது. ஊழியரையே தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்வதுதான் சான்று. இரண்டாவது, குறைகளைத் தெரிவிக்கும் நடைமுறை எம்மொழியில் உள்ளது? வேலையிட நியாயச் சட்டம் நிறுவனங்களிடம் அத்தகைய நடைமுறையை எதிர்பார்க்கிறது. ஊழியர்க்குத் தெரியாத மொழியில் அமைந்த நடைமுறை, திறவுகோல் இல்லாத கதவு போன்றது. மூன்றாவது, விருதைப் பற்றி ஊழியர் பேசும்போது எந்தப் பெயர்ச்சொல்லைப் பயன்படுத்துகிறார்? 'நம்ம கம்பெனி' என்று அவர் கூறினால், அதனினும் உயர்ந்த பட்டயம் வேறில்லை.

இவற்றை நிறுவனங்களிடம் கேட்கும் நாம், நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேசையைச் சுற்றித் தமிழர் நால்வரும் மலாய்க்காரர் ஒருவரும் அமர்ந்திருக்கையில், அலுவற்செய்தியை நால்வரும் தமிழிலேயே பேசி முடித்தால், அங்கே வாயிலில் நிற்பவர் அந்த மலாய் நண்பர். தமிழ்ப் பற்று அதற்கு மன்னிப்பாகாது. அவ்வாறே, தமிழகத்திலிருந்து வந்த ஊழியரின் வட்டார வழக்கைக் கேட்டு இங்குப் பிறந்த நம் பிள்ளைகள் நகைப்பதுண்டு. இங்குள்ளோர் தமிழைக் கேட்டு அங்கிருந்து வந்தவர் நகைப்பதும் உண்டு. ஜான் பாவ் ஆய்வில் 'ஹலோ' கேட்டுத் தீர்ப்பெழுதியவர்க்கும் இவர்களுக்கும் வேறுபாடு சிறிதே.

ஆசிரியப் பெருமக்களே, 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு வகுப்பில் வெறும் பயிற்சித்தாளாக நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் எண்ணிப் பேசும் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே வழங்குகின்றனர். அடுத்த முறை அப்பாடத்தை நடத்தும்போது, ஒரு நிறுவனத்தின் ஆங்கில அறிவிப்பைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு 'வீ'க்கும் எதனைத் தேர்ந்தீர்கள், ஏன் தேர்ந்தீர்கள் என்று கேளுங்கள். வாடிக்கையாளரிடம் பேசும்போது நிறுவனம் 'நாங்கள்' என்பது முறையே. தன் ஊழியரிடம் அவ்வாறு பேசினால் பொருள் வேறாகும். இலக்கணம் வாழ்க்கைக்குப் பயன்படுவதை மாணவர் அன்று காண்பர்.

மாணவச் செல்வங்களே, உங்களுட் பலர் இன்னும் சில ஆண்டுகளில் அலுவலகங்களிலும் வேலைத்தளங்களிலும் அமரப் போகிறீர்கள். சிலர் விருது விண்ணப்பங்களை எழுதும் இடத்திலும் இருப்பீர்கள். நான்கு மொழி நாட்டில் இருமொழி கற்று வளர்ந்தவர்கள் நீங்கள். பின்வரிசையில் நிற்பவர் புரியாமல் அண்டையாரைப் பார்க்கும்போது, அதனை முதலில் உணரக் கூடியவர்கள் நீங்களே. அன்று எங்களைப் போல் பேசாமல் திரும்பிவிடாதீர்கள்.