ஒரே அடுப்பு, இரண்டு தட்டு

(கச்சிபௌலியில் தமிழ் கற்போர் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியது)

 

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. பிளஸ் டூ வரை படித்தவள். உங்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தரும் தொண்டர். பகலில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர் இங்குள்ள கம்பெனிகளுக்கு இரவில் வண்டி ஓட்டுகிறார். எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகள்.

நாங்கள் இருவரும் சேர்ந்து உடல் எடையைக் குறைத்தோம். எப்படிக் குறைத்தோம்? எங்கே தவறினோம்? அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஊரில் இருந்தபோது நாங்கள் நடந்தோம், தண்ணீர் சுமந்தோம், குனிந்து வேலை செய்தோம். இங்கே வந்த பிறகு என்ன ஆனது? அவர் பத்து மணி நேரம் ஸ்டியரிங் முன்னால் உட்காருகிறார். நான் மெஷின் முன்னால் உட்காருகிறேன். உழைப்பு குறையவில்லை. உடம்பு அசைவதுதான் குறைந்தது. ஆனால் சாப்பாடு? அது பழைய அளவிலேயே இருந்தது. கூடவே பஜ்ஜியும் பிஸ்கட்டும் சேர்ந்து கொண்டன.

உடம்புக்கும் வரவு செலவு உண்டு. சாப்பாடு வரவு. உழைப்பு செலவு. வரவு மிஞ்சினால் என்ன ஆகும்? பணமாக இருந்தால் சேமிப்பு. சாப்பாடாக இருந்தால் கொழுப்பு.

போன வருடம் என் எடை 71 கிலோ. முழங்கால் வலித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. குறைக்க முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"உனக்குத்தானே உடம்பு? நீ குறைச்சுக்கோ. எனக்கு எதுக்கு?" என்றார்.

நான் தனியாகத் தொடங்கினேன். காலை இட்லியை நிறுத்தினேன். பதினொரு மணிக்குப் பசி கண்ணை மறைத்தது. மதியம் இரண்டு பங்காகச் சாப்பிட்டேன். அவருக்குப் பொரியலில் எண்ணெய் மிதக்க வேண்டும். அவருக்காகச் செய்ததையே நானும் சாப்பிட்டேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் கொஞ்சம் சோறு மீந்திருக்கும். வீணாகப் போகக் கூடாது என்று அதையும் வழித்துச் சாப்பிட்டேன்.

தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம்! கடைசியில் சாப்பிடுகிறவருக்கு அளவு தெரியாது. ஒரு நாள் மிச்சம் இருக்காது, பட்டினி. மறுநாள் மிச்சம் நிறைய இருக்கும், வயிறு வெடிக்கும்.

ஒன்றரை மாதம் ஆனது. அரை கிலோ கூடக் குறையவில்லை. வீட்டில் சண்டைதான் கூடியது.

பிறகு ஒரு நாள் அவருக்குத் தலை சுற்றியது. பஸ்தி தவாகானாவுக்குப் போனோம். அங்கே பரிசோதனை இலவசம். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 118 இருந்தது. 100க்குக் கீழே இருக்க வேண்டும். 126ஐத் தொட்டால் சர்க்கரை நோயாக இருக்கலாம். "நீங்கள் வாசற்படியில் நிற்கிறீர்கள். இப்போதே திரும்பினால் நல்லது" என்றார் டாக்டர். அவர் எடை அப்போது 84 கிலோ.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் பேசவே இல்லை. வண்டி ஓட்டும் உரிமம், மகளின் பள்ளிக் கட்டணம், வண்டிக் கடன் என்று எல்லாம் அவர் மனதில் ஓடியிருக்கும். இரவில்தான் வாய் திறந்தார். "ரெண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம்" என்றார்.

முதலில் நாங்கள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. நோட்டில்தான் கை வைத்தோம். மளிகைக் கணக்கை எழுதிப் பார்த்தோம். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 4 லிட்டர் எண்ணெய், 4 கிலோ சர்க்கரை!

நீங்களும் என்னோடு கணக்குப் போடுங்கள். 4 கிலோ என்றால் 4,000 கிராம். அதை 30 நாளால் வகுங்கள். பிறகு 3 பேரால் வகுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 44 கிராம். சுமார் ஒன்பது ஸ்பூன். பிஸ்கட், கூல்டிரிங்க் எல்லாம் சேர்த்தே 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் வீட்டில் குழந்தைக்கும் அதே கணக்குதான் ஓடியது.

என் வீட்டுக்காரர் வெளியே குடிக்கும் டீ தனி. ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன். பத்து ஸ்பூன் 50 கிராம். அதில் 200 கலோரி இருக்கிறது. கலோரி என்பது உணவின் சக்தியை அளக்கும் அளவு. அந்த 200 கலோரியைச் செலவழிக்க அவர் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். டீயில் இருந்த சர்க்கரைக்கு மட்டும்!

எண்ணெய்க்கு வருவோம். நம் ஐதராபாத்தில் தார்னாகா என்ற இடத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. ராயதுர்கத்தில் மெட்ரோ ஏறினால் தார்னாகாவில் இறங்கலாம். இந்த நிறுவனம் 1918இல் நம் குன்னூரில்தான் தொடங்கியது. 1958இல் ஐதராபாத்துக்கு வந்தது. சத்துக் குறைவால் வரும் நோய்களை ஆராயத்தான் அதைத் தொடங்கினார்கள். இன்று அதே நிறுவனம் அதிக எடையைப் பற்றியும் எச்சரிக்கிறது. 2024இல் அது 17 உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி உணவில் எண்ணெயும் கொழுப்பும் சுமார் 27 கிராம், தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்று காட்டியது. எங்கள் வீட்டில் ஆளுக்கு எண்ணெய் 40 கிராம் ஓடியது. காய்கறி 100 கிராம்கூட இல்லை.

பிறகு என்ன செய்தோம்?

தட்டில் முதலில் காயும் கீரையும் வைத்தோம். அது பாதித் தட்டு. பிறகு பருப்பு அல்லது முட்டை. கடைசியில் சோறு. முன்பு சோற்றைக் குவித்துவிட்டு ஓரத்தில் பொரியல் வைப்போம். இப்போது வரிசை மாறியது, அவ்வளவுதான். சுரைக்காய், பீர்க்கங்காய், இந்த ஊர் புளிச்சகீரை எல்லாம் அடுப்புக்கு வந்தன. எண்ணெயைப் பாட்டிலில் இருந்து சாய்ப்பதை நிறுத்தினேன். ஸ்பூனால் அளந்தேன்.

டீயில் சர்க்கரையை ஒரேயடியாக விடவில்லை. இரண்டு ஸ்பூன் ஒன்றரை ஆனது. பிறகு ஒன்று ஆனது. பிறகு அரை. இரண்டு மாதத்தில் நாக்கு பழகிக்கொண்டது.

இரவு ஒரு மணிக்கு அவர் மிர்ச்சி பஜ்ஜியும் உஸ்மானியா பிஸ்கட்டும் சாப்பிடுவார். பசிதான் காரணம். அதனால் டப்பாவில் சுண்டலும் மோரும் கொடுத்து அனுப்பினேன். கூட வண்டி ஓட்டுகிறவர்கள் முதலில் கேலி செய்தார்களாம். இப்போது அவர் டப்பாவில் பங்கு கேட்கிறார்களாம்!

ஒரு தவறும் செய்தோம். மாலையில் தெருவோரம் பெண்கள் ஜொன்ன ரொட்டெ, அதாவது சோள ரொட்டி சுட்டு விற்கிறார்களே, அதை வாங்கினோம். 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள் அல்லவா? சிறுதானியம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைத்து ஆளுக்கு நான்கு ரொட்டி சாப்பிட்டோம். அந்த மாதம் எடை குறையவில்லை. சோளம் நல்லதுதான். அதுவும் தானியம்தான். அதற்கும் அளவு வேண்டும்.

பிரியாணியை விடவில்லை. ஐதராபாத்தில் இருந்துகொண்டு எப்படி விடுவது? மாதம் ஒரு முறை, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரியாணி.

மிக முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. நான் கடைசியில் சாப்பிடுவதை விட்டேன். மூன்று பேரும் சேர்ந்து உட்காருகிறோம். அளந்து சமைப்பதால் மிச்சம் இல்லை. விடுமுறை நாளில் காய் நறுக்குவது அவர் வேலை.

பத்து மாதம் ஆயிற்று. நான் 65 கிலோ. அவர் 77 கிலோ. அவருடைய சர்க்கரை 98. மாதம் 2 லிட்டர் எண்ணெய், ஒன்றரைக் கிலோ சர்க்கரை போதுமாக இருக்கிறது. மிச்சமான பணம் காய்கறிக்குப் போகிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். தெலங்கானாவில் பெண்கள் 30 பேர், ஆண்கள் 32 பேர். அதே ஆய்வில், இந்தியப் பெண்களில் 100க்கு 19 பேர் தேவைக்கும் குறைவான எடையில் இருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. எடை குறைக்கும் பொடி என்று விற்பதை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

உங்களுக்கு எடை அதிகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதோ என் தையல் டேப். மூச்சை விட்ட நிலையில், வயிற்றை எக்காமல், தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. டேப்பில் எண்ணைப் படிக்க இப்போது உங்களுக்குத் தெரியும். அதற்குத்தானே படித்தோம்!

அண்ணன்மாரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியைக் குண்டு என்று கேலி செய்தால் ஒரு கிராம்கூடக் குறையாது. வீட்டில் அடுப்பு ஒன்று. சட்டி ஒன்று. அதில் ஒருவர் மட்டும் மாற முடியாது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். இந்த மாதம் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை வாங்கினீர்கள் என்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். ஆள் கணக்கில் வகுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள்.

டேப் இங்கேயே இருக்கிறது. முதலில் யார் வருகிறீர்கள்?