அழ வைத்தவனை யார் கேட்பது?



'உறவைக் காப்பது தட்டிக் கொடுக்கும் சொல்லா? தட்டிக் கேட்கும் சொல்லா?' எதிரணி அம்மா ரொம்ப இதமாகப் பேசினார்கள். "தேற்றுகிற சொல்தான் மருந்து, அதற்கு எதிரான சொல் எல்லாமே விஷம்" என்று முடித்தார்கள்.

நான் தமிழ் வாத்தியார். சொற்களை மொத்தமாக மூட்டை கட்டினால் விடமாட்டேன், பிரித்துப் பார்ப்பேன். தேற்றுவதற்கு எதிர்ச்சொல் ஒன்றா இருக்கிறது?

சீண்டுவது ஒன்று. சொல்லிக்காட்டுவது இன்னொன்று. "அன்னிக்கே உங்க அம்மா மூணு பவுன் குறைச்சுத்தானே போட்டாங்க?" என்று இருபது வருஷம் கழித்துக் கேட்பது! (சிரிப்பு) மூன்றாவது, உசுப்பேற்றுவது. கைகேயியிடம் மந்தரை செய்தது அதைத்தான். 'உன் பிள்ளைக்காகத்தானே சொல்றேன்' என்று அக்கறையாகவே பேசினாள், அயோத்தியே அழுதது. இந்த மூன்றும் விஷம், ஒப்புக்கொள்கிறேன்.

நாலாவது ஒன்று இருக்கிறதே, இடித்துரைப்பது! அதையும் விஷம் என்பீர்களா? இனியவை கூறலுக்கு 10-ஆம் அதிகாரம் வைத்த அதே வள்ளுவர்தான், 45-ஆம் அதிகாரத்தில், இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசனைக் கெடுக்கப் பகைவனே வேண்டாம் என்கிற கருத்தைச் சொன்னார்.

இராவணன் சபையில் படைத்தலைவர்கள் தட்டிக் கொடுத்தார்கள். கும்பகருணன் தட்டிக் கேட்டான். பிறன் மனைவியைச் சிறை வைத்துவிட்டு மானம் பேசலாமா என்று அண்ணனையே கேட்டதாகக் கம்பர் காட்டுகிறார். கேட்டவன் விட்டுப் போனானா? அதே அண்ணனுக்காகக் களத்தில் உயிரைக் கொடுத்தான்! (கைதட்டல்) "விபீடணன் போய்விட்டானே" என்பீர்கள். அவன் போகவில்லை ஐயா, விரட்டப்பட்டான்!

நம்ம வீட்டுக்கு வருவோம். சனிக்கிழமைக் கூலியைக் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறான் ஒருத்தன். சொந்தக்காரர்கள் வருகிறார்கள். யாரிடம் பேசுகிறார்கள்? அந்தப் பெண்ணிடம்! "ஆம்பிளைன்னா அப்படித்தாம்மா, நீதான் அனுசரிச்சுப் போகணும்." அழுகிறவளைத் தேற்றுகிறோம், அழ வைத்தவனை யார் கேட்பது? உள்ளே சீழ் இருக்கும்போது மேலே களிம்பு தடவினால் புண் ஆறுமா? கீறித்தானே ஆகணும்!

அந்த வீட்டில் மாமியார் ஒருத்தி எழுந்து, "டேய், இனிமே அவமேல கை வச்சே, இந்த வீட்ல நான் அவ பக்கந்தான். கூலியை முதல்ல அவ கையில குடு" என்று கேட்டால், அது கடுஞ்சொல்லா? அந்தக் குடும்பத்தைத் தாங்குகிற தூண் ஐயா அது! (பலத்த கைதட்டல்)

இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? சீண்டுகிறவன் நாலு பேர் பார்க்கச் சொல்வான், சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பான். இடித்துரைக்கிறவன் உன் முகத்துக்கு நேரே சொல்வான், சொல்லிவிட்டுக் கூடவே நிற்பான்.

தட்டிக் கொடுக்க ஊரே வரும். தட்டிக் கேட்க உறவுதான் வரும். ஆகவே உறவைக் காப்பது தட்டிக் கேட்கும் சொல்லே என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன்.