வில்வண்டியும் வீட்டு வண்டியும்



வில்வண்டி என்ற சொல்லை உங்கள் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். அந்நாளில் ஊரில் இரு வகை மாட்டு வண்டிகள் இருந்தன. ஒன்று கட்டை வண்டி. நெல் மூட்டையும் எருவும் கரும்பும் ஏற்றுவது. அதில் பாரம் அச்சின்மேல் நேராக அமர்ந்திருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அச்சு இறங்கும். அச்சோடு மேலே அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பும் இறங்கும். மற்றொன்று வில்வண்டி. மனிதர் ஏறிச் செல்வதற்கென்றே செய்தது. அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பள்ளத்தை முதலில் பட்டை வாங்கிக்கொள்ளும், மீதியே மனிதனுக்கு. இந்த அடுக்குக்குக் கமான் பட்டை என்று இன்றும் நம் பட்டறைகளில் பெயர் வழங்குகிறது. கமான் என்றால் பாரசீக மொழியில் வில். ஆகப் பட்டறைக்காரரும் தமிழாசிரியரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறார்கள்.

சுத்துக்கேணி, புதுவையின் மேற்குப் புறத்துக் கிராமம். ஆராய்ச்சியாளர் இவ்வூரைப் பெருங்கற்காலப் புதைகுழிகளால் அறிவர்; கசால் தம்பதியர் 1956இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட அகழாய்வு நூலின் தலைப்பிலேயே இதன் பெயர் உண்டு. இங்கிருந்து மயிலம் பங்குனி உத்திரத்துக்கும், மேல்மலையனூர் அமாவாசைக்கும் ஒரு தலைமுறைக்கு முன்வரை குடும்பம் குடும்பமாகக் கூண்டு வண்டியில் போவது வழக்கம். வழியில் புளியமரத்தடியில் அவிழ்த்துவிட்டு, சோறு பொங்கி உண்டு, வண்டிக்குள்ளும் வண்டிக்கடியிலும் உறங்கி, விடிந்ததும் மாடு பூட்டுவார்கள். மேனாட்டில் சிறு லாரியின் பின்தட்டில் ஓர் அறையைத் தூக்கி வைத்து, கேம்பர் என்று பெயரிட்டு ஊர் சுற்றுகிறார்களே, அதற்கும் நம் கூண்டு வண்டிக்கும் தத்துவத்தில் வேற்றுமை இல்லை. கேரளத்தில் 2021ஆம் ஆண்டு அரசே இத்தகைய வண்டிச் சுற்றுலாவுக்குத் திட்டம் வகுத்தது. நம் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமாக்காரர் ஓய்வெடுக்கும் வண்டி என்ற நினைவுதான் பலருக்கு வருகிறது.

நான் பல்தொழிற் பயிலகத்தில் யந்திரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டு இவ்வூர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். காய்கறி ஏற்றும் சிறு லாரி வைத்திருப்பவர். வயது முதிர்ந்த தாயார் நெடுநேரம் உட்கார இயலாதவர். ஆனால் இராமேசுவரம் வரை ஊர் ஊராகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. ஆகவே பின்தட்டில் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட சிற்றறை கட்ட எண்ணினார்.

"வாத்தியார் ஐயா, பின்பக்கம் பக்கத்துக்கு மூன்று பட்டை கூடுதலாகப் போட்டுவிட்டால் எந்த வீட்டையும் தாங்கும் என்கிறார்கள். போட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. அதற்காகவே இன்று உங்களோடு பேசுகிறேன்.

முதலில் வில்லின் இயல்பை நோக்குவோம். இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678இல் வெளியிட்ட விதியை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்: பாரம் இரட்டித்தால் வில்லின் அமுக்கமும் இரட்டிக்கும். நண்பரின் லாரியில் ஒரு பக்கப் பட்டை அடுக்கின்மேல் 300 கிலோ ஏற்றியபோது, அடுக்கு 6 சென்டிமீட்டர் தாழ்ந்தது. எனவே ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிலோ. அடுக்கில் ஐந்து பட்டைகள். அதே கனமுள்ள பட்டை இன்னும் மூன்று சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 80 கிலோவாகும். பட்டையின் எண்ணிக்கையைக் கூட்டினால் விறைப்பு அந்த விகிதத்திலேயே கூடும். ஆனால் பட்டையின் தடிப்பைக் கூட்டினால் அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 6 மில்லிமீட்டர்ப் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர்ப் பட்டை வைத்தால் விறைப்பு இரண்டே கால் மடங்குக்கும் மேல். கண்ணுக்கு ஒரு நூல் வேற்றுமை, முதுகுக்கு மலையளவு.

வண்டி எத்தனை வேகமாகக் குலுங்கும் என்பதை அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. வில் பாரத்தால் எத்தனை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், ஒரு வினாடியில் வண்டி எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது கிடைக்கும். 25 சென்டிமீட்டர் தாழ்ந்த வில் வினாடிக்கு ஒரு முறை ஆடும்; தொட்டில் போன்ற ஆட்டம். 4 சென்டிமீட்டரே தாழ்ந்த வில் இரண்டரை முறை ஆடும். அது வெற்று லாரியின் துள்ளல். மனித உடல் மேல்கீழ் அதிர்வை மிகவும் வெறுப்பது வினாடிக்கு 4 முதல் 8 வரையுள்ள வேகத்தில். தாயாரை அழைத்துச் செல்வதற்காகக் கட்டும் வண்டியை அந்தத் திசையில் தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

சரி, வில்லை விட்டுவிட்டு எடையைப் பார்ப்போம் என்று அவரிடம் சொன்னேன். பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். எடைமேடையில் வண்டி முழுவதையும் ஒரே தடவை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். அது போதாது. முன்சக்கரங்களைத் தனியே, பின்சக்கரங்களைத் தனியே ஏற்றி நிறுக்க வேண்டும். வெற்று வண்டி 1,600 கிலோ. முன்னச்சில் 950, பின்னச்சில் 650. ஏட்டிலே அனுமதித்த மொத்த எடை 2,900. பின்னச்சின் எல்லை 1,850.

அவர் வரைந்த அறையின் கணக்கை எடுத்தோம். 50 மில்லிமீட்டர் இரும்பு ஆங்கிள், மீட்டருக்கு நாலரை கிலோ. 40 மீட்டருக்கு 180 கிலோ. 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை பதினாறு. பலகை ஒன்று 23 கிலோ வீதம் 368. கட்டில், அடுப்படி, அலமாரி 120. மின்கலம் 60. தண்ணீர் 150 லிட்டர், ஆகவே 150 கிலோ. எரிவாயு உருளை 30. துணிமணி, பாத்திரம் 80. கூட்டினால் 988. முன்னறையில் அமரும் மூவருக்கு 200. வண்டியோடு மொத்தம் 2,788 கிலோ. "எல்லைக்குள்தானே இருக்கிறது!" என்று மகிழ்ந்தார் நண்பர்.

மொத்தம் எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் தண்ணீர்த் தொட்டியையும் அடுப்படியையும் அவர் வண்டியின் கடைக்கோடியில் வைத்திருந்தார். அதனால் அறையின் எடைமையம் பின்னச்சுக்கும் பின்னால் 30 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது. இரு அச்சுகளுக்கும் இடைவெளி 3 மீட்டர். இங்கே நெம்புகோலின் விதி குறுக்கிடுகிறது: பின்னச்சுக்கு அப்பால் வைத்த பாரம் தன் முழு எடையையும் பின்னச்சில் போடுவதோடு, முன்னச்சைத் தூக்கி, அந்தத் தூக்கலையும் பின்னச்சின் தலையில் கட்டுகிறது. 988 கிலோ அறை பின்னச்சில் 1,087 கிலோவாக அமர்ந்தது. முன்னச்சிலிருந்து 99 கிலோ பறிபோயிற்று. பின்னச்சின் மொத்தம் 1,787. எல்லைக்கு எஞ்சியது 63 கிலோ. அதாவது ஒரு மனிதர். முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் பிடி தளரும்.

கூடுதல் பட்டையால் இந்தக் குறை தீராது. பட்டை வண்டியின் பின்புறத்தை நிமிர்த்திக் காட்டும், அவ்வளவுதான். அச்சுக்குழாய், சக்கரப் பேரிங், டயர், பிரேக் ஆகியவை பழையனவே. மெலிந்த மாட்டுக்குப் பெரிய நுகத்தடி பூட்டியதுபோல. நிமிர்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்து அது பாரம் தாங்குகிறது என்று நாம் நம்பிவிடுகிறோம். உண்மையில் எச்சரிக்கை செய்த ஒரே உறுப்பின் வாயை அடைத்துவிட்டோம்.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று பிரேக்கில் ஒளிந்திருக்கிறது. பல சிறு லாரிகளில் பின்னச்சுக்கும் ஷேஸிக்கும் இடையே ஒரு கம்பியும், அதனால் இயங்கும் ஒரு வால்வும் உண்டு. பாரம் ஏறி ஷேஸி தாழ்ந்தால் அந்த வால்வு, "பின்னே கனம் இருக்கிறது" என்றறிந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை அனுப்பும். வண்டி வெறுமையாக இருந்தால் குறைத்து அனுப்பும். இல்லாவிடில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். இப்போது யோசியுங்கள். ஒரு பக்க வில்லின்மேல் 553 கிலோ அமர்ந்தால் பழைய அடுக்கு 11 சென்டிமீட்டர் தாழும். மூன்று பட்டை சேர்த்த அடுக்கோ 7 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே தாழும். வால்வுக்கு எடை தெரியாது. தாழ்வு மட்டுமே தெரியும். அது 345 கிலோதான் இருக்கிறது என்று எண்ணிப் பின் பிரேக்கை அடக்கிவிடும். முன் பிரேக் ஒன்றே வீட்டையும் வண்டியையும் நிறுத்தப் பாடுபடும். செங்குத்தான இறக்கத்தில் இது என்ன செய்யும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பட்டை மாற்றியவர் யாராயினும் அந்த வால்வின் கம்பியை வண்டி செய்தவரின் அளவுக் குறிப்பின்படி மீண்டும் சரிசெய்ய வேண்டும். நான் விசாரித்த பட்டறைகளில் பாதிக்கு மேல் இக்கம்பியைக் கவனிப்பதில்லை.

நண்பர் இரண்டு வாரம் முகம் வாடியிருந்தார். பின்னர்ப் புதிதாக வரைந்தோம். ஆங்கிளுக்குப் பதில் சதுரக் குழாய்; ஒட்டுப்பலகைக்குப் பதில் பெரும்பாலும் அலுமினியத் தகடு. சட்டகம் 110, சுவரும் கூரையும் 150, தண்ணீர் 100 என்று குறைந்து அறை 650 கிலோவுக்கு வந்தது. தொட்டியையும் மின்கலத்தையும் ஓட்டுநர் அறையை ஒட்டித் தரைமட்டத்தில் வைத்தோம். எடைமையம் பின்னச்சுக்கு 20 சென்டிமீட்டர் முன்னே வந்தது. பின்னச்சில் 1,307, முன்னச்சில் 1,143. மொத்தம் 2,450.

அப்படியானால் வில்லை ஒன்றும் செய்யவில்லையா என்பீர்கள். செய்தோம். காய்கறி லாரி காலையில் கனக்கும், மாலையில் வெறுமையாகும். வில்லுக்கு ஓய்வு உண்டு. வீட்டு வண்டிக்கு அந்த ஓய்வு இல்லை. இரவும் பகலும் சுமந்த பழைய பட்டை நாளடைவில் வளைவை இழக்கும். அந்த வளைவுக்குப் பட்டறையில் கேம்பர் என்றே பெயர். கேம்பருக்காகக் கேம்பரைப் பார்க்க வேண்டியிருந்தது என்று நண்பர் சிரித்தார். ஏற்கெனவே தொய்ந்திருந்த பட்டைகளைச் சூடேற்றி மீண்டும் வளைத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றேன். வில்லெஃகு எண்ணெயில் துவைத்து, அளவான சூட்டில் பதப்படுத்திய உலோகம். பதம் தெரியாத உலையில் காய்ந்தால் அதன் வீரியம் போய்விடும். தேய்ந்த பட்டையை ஊர்க் கொல்லர் அரிவாளாக அடிப்பது அதற்கு உரிய மரியாதை. புதிய அடுக்கு அதே அளவில் வாங்கினோம்; அதற்கு மேல் ஒரே ஓர் உதவிப் பட்டை. சாதாரண ஓட்டத்தில் அது தொடாது. பெரும்பள்ளத்தில் மட்டுமே தாங்கிப் பிடிக்கும். புஷ்கள் அனைத்தும் புதியன. ஷாக் அப்சார்பரைச் சற்றுக் கூடிய தடையுள்ளதாக மாற்றினோம். ஆட்டத்தை அடக்குவது வில்லின் வேலையன்று, அதன் வேலை. அறை உயரமாதலால் திருப்பத்தில் பக்கவாட்டில் சாயும். அதைத் தடுக்கப் பின்னச்சில் ஒரு குறுக்குக் கம்பி.

சட்டத்தையும் ஒரு சொல் கூற வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை உறுதியாகக் கூறியது. ஆகவே நண்பர் எடைக்கணக்கோடு வரைபடத்தைக் கொடுத்து, உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வந்த பின்னரே இரும்பை வெட்டினார். ஓடும்போது பின்னறையில் ஒருவரும் இருக்கக் கூடாது. தாயாருக்கு முன்னிருக்கையே, கட்டில் வண்டி நின்ற பின்.

முதல் பயணம் மயிலத்துக்கு. அடுக்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் புதியனவாயின், பட்டைகள் ஒன்றோடொன்று படிந்த பின் சற்றுத் தளரும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், பாரத்தோடு நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். அவர் அவ்வாறே செய்தார். எட்டு நட்டுகளில் மூன்று அரைச்சுற்றுத் திரும்பின. இடப்புறப் பின் நட்டு ஏறத்தாழ முழுச்சுற்று.