முடித்துவைக்கும் வினைகள்

(உளுந்தூர்பேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் ஆயுள் முழுக்க ஆங்கிலம் கற்பித்தவர். அதனால் ஆங்கிலத்தில், ஒன்றை முடிவுக்குக் கொண்டுவருவதைக் குறிக்கும் சொற்களைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். எண்ட், ஃபினிஷ், ஸ்டாப் எல்லாம் நமக்குப் பழகியவை. அவற்றை விட்டுவிடுகிறேன். சட்டம் கையாளும் சொற்கள்தான் என் கவலை. அபாலிஷ், ரிப்பீல், டெர்மினேட், டிஸ்சார்ஜ், எக்ஸ்டிங்விஷ். நாம் பெரும்பாலும் இவற்றை 'ஒழிப்பு' என்றோ 'ரத்து' என்றோ ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அப்படிக் கட்டும்போது எது ஒழிந்தது, எது மிஞ்சியது என்ற கணக்கு மறைந்துபோகிறது. அந்தக் கணக்கு தெரியாமல் போனதால் நட்டப்பட்டவர்கள் நம் தென்னார்க்காட்டு ஏழைகள்.

அடிமை முறையிலிருந்து தொடங்குகிறேன். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. அதன் தலைப்பிலேயே அபாலிஷன் என்ற சொல் இருந்தது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அந்தச் சட்டம் செல்லாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். பத்து ஆண்டு கழித்து இந்தியாவுக்கென்று 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். கடனுக்கோ வரிபாக்கிக்கோ எந்த அதிகாரியும் ஆளை விற்கக் கூடாது. ஒரு மனிதனை உடைமை என்று சொல்லிக்கொண்டு வருபவனின் உரிமையை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றித் தராது. அடிமை என்று சொல்லி ஒருவன் சேர்த்த பொருளைப் பறிக்க முடியாது. மற்றவருக்குச் செய்தால் குற்றமாவது அவனுக்குச் செய்தாலும் குற்றம்.

நல்ல பிரிவுகள்தான். ஆனால் அடிமை முறை ஒழிந்தது என்று எங்கேயும் ஒரு வாக்கியம் கிடையாது. எஜமானன் கோர்ட்டுக்கு வந்தால் கோர்ட் கைகொடுக்காது, அவ்வளவுதான். படியாளை வைத்து விவசாயம் செய்தவர் கோர்ட்டுக்கு எதற்குப் போகப்போகிறார்? அவர் கையில் களம் இருந்தது, கடன் இருந்தது, குடிசை போட்டுக்கொள்ள இடம் கொடுத்த உரிமை இருந்தது. ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாவதற்கு இந்தியத் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1862இல்.

அடுத்து ஜமீன் ஒழிப்பு. 1948ஆம் ஆண்டின் 26ஆவது சென்னைச் சட்டத்தில் மூன்றாவது பிரிவை மாணவர்கள் எடுத்துப் படிக்கவேண்டும். நிலவுடைமையாளர் ஏற்படுத்திய உரிமைகள் அரசைப் பொறுத்தவரை என்னவாகும் என்று சொல்ல, சீஸ், டிடர்மின் என்ற இரண்டு வினைகளை அங்கே இணைத்துப் போட்டிருக்கிறார்கள். டிடர்மின் என்றால் தீர்மானிப்பது என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். சட்டத்தில் அதற்கு 'முடிந்துபோதல்' என்று பொருள். எல்லை என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. தீர்மானம், தீர்ப்பு, தீர்ந்துபோதல் மூன்றும் தமிழில் ஒரே வேரில் இருப்பதால் இது நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

அந்தச் சட்டம் வந்தும் இங்கிருந்து மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் ஜாகீர்கள் அசையவில்லை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என மூன்று ஜாகீர்கள். கீழே நாடு விடுதலை பெற்று, அரசியல் சட்டம் எழுதி, பல பொதுத் தேர்தல்களையும் நடத்தி முடித்த பிறகும் மேலே அவர்கள் ஆட்சிதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு மலைமக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. 1976 ஜூன் 25இல்தான் ஜாகீர் ஆட்சி முடிந்து அரசின் கைக்கு மலை வந்தது என்றும், 1996இல்தான் அம்மக்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள் என்றும் அந்த விசாரணையில் எடுத்துச்சொல்லப்பட்டது. ஜாகீர் முடிந்த நாளுக்கும் குடிமகன் ஆன நாளுக்கும் நடுவே இருபது ஆண்டுகள்! ஜாகீர்தாரின் உரிமை முடிந்தது என்று எழுத ஒரு வரி போதும். அங்கே குடியிருந்தவருக்குப் பட்டா, சாலை, பள்ளி, ஓட்டு எல்லாவற்றையும் தனித்தனியே எழுதியாகவேண்டும்.

ரிப்பீல் என்பது வேறு ரகம். சட்டத்தையே எடுத்துவிடுவது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1952 ஆகஸ்ட் 31இல் அப்படித்தான் எடுத்தார்கள். சட்டம் போனது. பழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்ற வேறு பெயரில் கண்காணிப்பு தொடர்ந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை, சீர்மரபினர் வீடுகளில் கேட்டால் சொல்வார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம். என் பார்வையில், முடிவைச் சொல்லும் வினைகளை இதைவிடப் பொறுப்போடு கையாண்ட இந்தியச் சட்டம் அரிது. 1843இன் பிழையை இது செய்யவில்லை. நான்காவது பிரிவு முறையை அபாலிஷ் செய்கிறது. ஆளை, உழைக்கும் கடமையிலிருந்து டிஸ்சார்ஜ் செய்கிறது. ஐந்தாவது பிரிவு ஒப்பந்தத்தை, எழுத்தானாலும் வாய்மொழியானாலும், வழக்கமே ஆனாலும், செல்லாததாக்குகிறது. ஆறாவது பிரிவு கடனை எக்ஸ்டிங்விஷ் செய்கிறது. விளக்கை அணைப்பதற்குச் சொல்லும் சொல் அது. முறைக்கு ஒரு வினை, ஆளுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று. அடுத்த பிரிவுகளில் அடமானம் வைத்த சொத்து திரும்ப வருகிறது, குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றத் தடையும் வருகிறது.

செங்கல் சூளையிலோ கரும்பு வெட்டிலோ சிக்கிய குடும்பத்தைக் கட்டிவைத்திருப்பது எது? அட்வான்ஸ். 'வாங்கின காசைக் கொடுக்காம எப்படிங்க வர்றது?' என்பார்கள். அது நாணயமுள்ளவரின் கேள்வி. கொத்தடிமை முறை ஒழிந்துவிட்டது என்று அவரிடம் எத்தனை முறை சொன்னாலும் அவர் காலை நகர்த்தமாட்டார். ஏனென்றால் அவரைப் பிடித்திருப்பது முறை அல்ல, தொகை. அவருக்குச் சொல்லவேண்டியது ஆறாவது பிரிவை. அதை எந்தத் தமிழில் சொல்வது?

'கடன் தீர்ந்தது' என்றால் கட்டி முடித்ததாக ஆகும். அவர் கட்டவில்லை, மனம் ஒப்பாது. 'தள்ளுபடி' என்றால் யாரோ இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததாக ஆகும். அவரைச் சலுகை பெற்றவராக்கிவிடும். சட்டம் இரண்டையும் சொல்லவில்லை. இனி அப்படியொரு கடனே இல்லை என்கிறது. 'கடன் அற்றுப்போனது' என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். உறவு அற்றுப்போவது, கயிறு அற்றுப்போவது என்று கிராமத்தில் புழங்கும் சொல்தான். இதைவிடப் பொருந்தும் சொல் உங்களிடம் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இளம் வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். குற்ற வழக்கில் டிஸ்சார்ஜ் என்றால் 'விடுவிப்பு', அக்விட்டல் என்றால் 'விடுதலை' என்று நீங்கள் பிரித்துப் பேசுகிறீர்கள். விசாரணை நடக்கும் முன்பே வெளியே வருவது ஒன்று, விசாரித்துக் குற்றமில்லை என்று வருவது மற்றொன்று. கோர்ட்டுக்குள் காட்டும் அந்தக் கவனத்தைச் சூளைக்கும் கரும்புக்காட்டுக்கும் கொண்டுவாருங்கள். மீட்கப்பட்டவர் கையில் விடுதலைச் சான்றிதழ் கொடுக்கும்போது ஒன்பதாவது பிரிவையும் படித்துக்காட்டுங்கள். அற்றுப்போன கடனுக்கென்று முதலாளி ஒரு ரூபாய் திருப்பி வாங்கினாலும் அது குற்றம், மூன்றாண்டு வரை சிறை. பணத்தைக் கட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிற பெரியவரை உட்காரவைத்து, 'ஐயா, நீங்க கொடுத்தா அவர் வாங்கறதே தப்பு' என்று சொல்லுங்கள்.