பருவமும் பயணமும் தந்த பண்டங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசப் புலவர் பெருமக்கள் இருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளும் எம்மையும் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். எமக்குத் தெரிந்தவை இரண்டு: ஒன்று இரயில் வண்டி, மற்றொன்று வீட்டுச் சாப்பாடு. ஆதலால் வண்டியேறி வந்த சமையலைப் பற்றியே பேசத் துணிந்தோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இத்தங்கவயலில் கால்வைத்தனர். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் பிழைப்பு நாடி வந்தனர். தட்டி வீடுகளில் குடியேறினர். 1894-இல் பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. அப்பாதையில் பொன் வெளியே போயிற்று. உள்ளே வந்தது என்ன? சொந்த ஊர்ப் புளி வந்தது, வெல்லம் வந்தது, வற்றல் வந்தது. அவற்றோடு நம் பாட்டிமாரின் கைப்பக்குவமும் வந்தது. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாத சரக்கு!

வந்த கைகள் இந்த மண்ணின் பருவத்தோடு உறவு கொண்டன. மார்கழிப் பனியில் கோலார்ச் சீமை எங்கும் அவரை காய்க்கிறது. தாயகத்தில் பச்சை மொச்சை என்போமே, அதே இனந்தான். கொட்டைகளை உரித்து, நீரில் நன்றாக ஊறவைத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்தினால், தோல் கையில் நிற்கும். பருப்பு தாவிக் குதிக்கும். தேங்காய், பூண்டு, இஞ்சி, கொத்தமல்லி, பட்டை, கிராம்பு அரைத்துவிட்டு அப்பருப்பைக் குழம்பாக்கி, கேழ்வரகுக் களியோடு உண்பதற்கு ஈடு உண்டோ? நாம் இதைப் பிதுக்குப்பருப்பு என்கிறோம். கன்னட நண்பர்கள் ‘ஹிதுகித பேளே’ என்பர். பால் அங்கே ஹாலு; பல் அங்கே ஹல்லு; அவ்வாறே பிதுக்கு அங்கே ஹிதுகு. சொல்லும் ஒன்று, சுவையும் ஒன்று. அடுத்த வீட்டாரை அயலார் என்று எவ்வாறு சொல்வோம்?

உகாதிப் போளியும் அவ்வாறே. தாயகத்தில் கடலைப்பருப்புப் பூரணம் வைப்பது பெருவழக்கு. இங்கே துவரம்பருப்பு வைத்து ஒப்பட்டு என்கின்றனர். நம் அன்னையர் இங்குள்ள முறையைக் கற்றனர். அதில் ஒரு சிக்கனமும் உண்டு. பருப்பு வெந்த நீரை வடித்து, சிறிது பூரணத்தையும் கரைத்து, புளியும் மிளகாயும் சேர்த்தால் ஒப்பட்டுச் சாறு தயார். ஒரே பருப்பில் இனிப்பும் கிடைத்தது, குழம்பும் கிடைத்தது. சம்பள நாளை எண்ணியிருந்த சுரங்கத் தொழிலாளி வீட்டுக்கு இது சிறு உதவியா?

இனி, பயணம் தந்த இனிப்பு ஒன்றைச் சொல்வோம். எம் சிறுவயதில், தந்தையார் ஒருமுறை அன்னையாரை ஆற்காட்டுக்கு ஒரு திருமணத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே பந்தியில் மக்கன் பேடா பரிமாறினர். அன்னையார் அதனை உண்ணவில்லை, ஆராய்ந்தார்! பிய்த்துப் பார்த்தார், உள்ளிருந்த முந்திரியையும் திராட்சையையும் எண்ணிப் பார்த்தார். அவ்வாண்டுத் தீபாவளிக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கோவாவாக்கி, மைதா சேர்த்துப் பிசைந்து, நடுவே குழிசெய்து, முந்திரிக்கு மாறாக வறுத்த நிலக்கடலையை வைத்து மூடி, இளந்தீயில் பொரித்துப் பாகில் இட்டார். முதலில் இட்டவை வெடித்துச் சிதறின. மூன்றாம் ஆண்டில்தான் கை வந்தது. டிசம்பரில் கேக்கும் கல்கலும் கொடுத்தனுப்பும் கிறித்தவக் குடும்பங்களுக்கு, எங்கள் லைனிலிருந்து தீபாவளிக்கு அந்த நிலக்கடலைப் பேடாதான் போயிற்று.

அன்பர்களே! 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் நடந்தவற்றை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு வீடும் அறியும். அன்று சங்கொலி கேட்டு எழுந்தோம். இன்று வண்டியின் ஒலி கேட்டு எழுகிறோம். விடியுமுன் மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் கோரமண்டலிலும் ஏறி, பெங்களூருக்குச் சென்று உழைத்து, இருட்டிய பின் திரும்பும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோர். அந்த வண்டி நமக்குச் சோறு போடுகிறது. அதனைக் குறை கூறோம். ஆயினும் அடுப்பங்கரையில் நின்று பார்த்துப் பழகும் நேரத்தையும் அதே வண்டிதான் ஏற்றிச் செல்கிறது.

சென்ற தை மாதத்தில் எம் வீட்டில் நடந்ததைக் கூறுகிறோம். பெங்களூரில் வேலை பார்க்கும் எம் மகள், இரவு வண்டியிலிருந்து இறங்கி, ஒரு பொட்டலத்தை நீட்டினாள். தோல் நீக்கிய பிதுக்குப்பருப்பு! கோலார் வயலில் விளைந்து, பெங்களூர் சென்று, அங்கே எவரோ பிதுக்க, விலையேறி, மீண்டும் கோலாருக்கே வந்த பருப்பு. சிரித்தோம். ஆனால் குழம்பு வைக்கப் புகுந்தபோது சிரிப்பு அடங்கிற்று. அன்னையார் காலமாகி மூன்றாண்டு ஆகிறது. மசாலை அளவு எம் இல்லாளுக்கும் முழுதாகத் தெரியவில்லை. எமக்கோ உண்ண மட்டுமே தெரிந்திருந்தது. நாற்பது ஆண்டுகள் உண்டோம், ஒருநாளும் கேட்டோமில்லை! அடுத்த வீட்டுக் கன்னட மூதாட்டியார்தாம் வந்து கைகொடுத்தார். “உன் தாயார் எனக்குப் போளி தட்டக் காட்டினார், நான் அவருக்கு இதைக் காட்டினேன்” என்றார் அவர். எங்கள் அன்னையாரின் கைப்பக்குவம் எங்கள் வீட்டில் இல்லை; சுவருக்கு அப்பால் இருந்தது.

மறு ஞாயிறு சந்தையில் அவரைக்காய் வாங்கி, எல்லாரும் வட்டமாக அமர்ந்து பிதுக்கினோம். மகள் அளவுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். மக்கன் பேடாவின் பக்கம் மட்டும் அந்நோட்டில் வெறுமையாக இருக்கிறது. அதைச் சொல்ல இனி யாரும் இல்லை.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, பருவத்திற்கு ஒரு பண்டமேனும் கேட்டு எழுதுக. எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், இங்கே எது மாறிற்று என்பதையும் சேர்த்து எழுதுக. ஆண்களும் எழுதுக; அடுப்படி பெண்டிருக்கு மட்டும் உரியதன்று. அடுத்த ஆண்டு விழாவில் அவற்றைத் தொகுத்து ஒரு நோட்டாகச் சங்க நூலகத்தில் வைப்போம்.

பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கிப் பொன் எடுத்தவர்கள் நம் முன்னோர். அப்பொன்னில் நம் வீட்டில் தங்கியது சிறிது. தங்கிய மற்றொன்று இந்தக் கைப்பக்குவம். அதனையேனும் கைநழுவ விடாதிருப்போமாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!