எண்ணூர் ஆற்றில் மாசி மாதப் பறவைகள்

மாசியில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்றால் வேடந்தாங்கல், பழவேற்காடு என்பார்கள். இன்று உங்களை எண்ணூருக்கு அழைத்துப் போகிறேன்.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுங்கள். 1856-ல் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையம், கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று நெரிசலான ஊர்களின் ஊடே வண்டி போகும். எண்ணூர் தாண்டியதும் கொசஸ்தலை ஆறு விரிந்து கிடக்கும். அந்தப் பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், அதற்கும் அப்பால் காமராஜர் துறைமுகம். நடுவே உப்பங்கழியும் சேற்றுத் திட்டுகளும் கொஞ்சம் அலையாத்திச் செடிகளும்.

காலையில் நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். சென்னைக் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர் இறங்கினால் போதும், சேறு வெளியே தெரியும், பறவைகள் இறங்கிவிடும். சிவந்த நெடுங்கால்களோடு பவளக்கால் உள்ளான் முட்டளவு நீரில் நடக்கும். மேலே செம்பருந்து வட்டமிடும். கூழைக்கடாக்கள் ஆழமான பக்கம் மிதக்கும்.

நீங்கள் குனிந்து பார்க்க வேண்டியது சிறிய உள்ளான்களை. வளைந்த அலகுள்ள ஓர் உள்ளான் இனம் உண்டு. எடை அறுபது கிராம் அளவுக்குத்தான் இருக்கும். தையல் இயந்திரத்தின் ஊசிபோல் அலகைச் சேற்றில் குத்திக் குத்திப் புழுக்களை எடுக்கும். மார்கழியில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். மாசி, பங்குனியில் மார்பிலும் வயிற்றிலும் செங்கல் நிற இறகுகள் அங்கங்கே முளைத்திருக்கும். வடக்கே சைபீரியப் பனிவெளியில் கூடு கட்டப் போவதற்கான கோலம் அது. அவ்வளவு தூரத்துக்கான கொழுப்பை இந்தச் சேற்றிலிருந்துதான் உடம்பில் ஏற்றிக்கொள்கிறது.

அதே சேற்றில் மனிதர்களும் இருப்பார்கள். மார்பளவு நீரில், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கையாலேயே துழாவி இறால் பிடிப்பவர்கள். பறவைகள் இவர்களைக் கண்டு பயப்படுவதில்லை. வழிவிட்டு நகர்ந்து மறுபடி மேய்கின்றன. இரு தரப்புக்கும் இந்த ஆறுதான் சோறு.

அந்தச் சோற்றில் 2023 டிசம்பரில் எண்ணெய் கலந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரம்வரை பரவியது. கூழைக்கடாக்களின் வெள்ளை மார்பு கறுத்துப் போனது. எண்ணெய் படிந்த இறகு நீரைத் தடுக்காது. கோதும்போது அந்த எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளியதை மறக்க முடியாது. மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடானதோ பல வருடத்துக் கதை. இவ்வளவுக்குப் பிறகும் பறவைகள் வருகின்றன என்பதால் ஆறு நலமாக இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பக்கத்தில் வேறு சேறு குறைந்து போனதால்கூட அவை இங்கே வரலாம்.

பங்குனி முடிவதற்குள் ஒருமுறை போய் வாருங்கள் நேயர்களே, பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். பார்த்த பறவைகளை நாள், நேரத்தோடு எழுதி இ-பேர்டு தளத்தில் பதியுங்கள். எண்ணெய் படிந்த பறவையைக் கண்டால் பிடிக்கப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இந்த ஆற்றுக்காகப் பேசும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும்.